கார்ட்மெல் கோடைப் பந்தயம்: பணம் கட்டும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

வடமேற்கு இங்கிலாந்துக்குக் குடிவந்த நாளிலிருந்து, ஆகஸ்ட் கடைசித் திங்கட்கிழமை வங்கி விடுமுறை என்றால் எனக்குக் கார்ட்மெல் குதிரைப் பந்தயம்தான். ஒவ்வொரு முறையும் புதிதாக இரண்டு மூன்று நண்பர்கள் கூட வருகிறார்கள். ஒவ்வொரு முறையும் காரில் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். பதில் சொல்லி முடிவதற்குள் மைதானம் வந்துவிடுகிறது. இனி வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வண்டியில் ஏறட்டும்.

கார்ட்மெல் எங்கே இருக்கிறது? அங்கே அப்படி என்ன விசேஷம்?

கம்பிரியாவின் தெற்கு ஓரத்தில், கிரேஞ்ச் ஓவர் சாண்ட்ஸ் என்ற கடற்கரை ஊருக்கு அருகில் உள்ள சிறு கிராமம். ஏரி மாவட்டத்தின் வாசல்படி என்று சொல்லலாம். 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த மடாலயத் தேவாலயம், ஒரு சதுக்கம், சில மதுக்கடைகள், அவற்றின் கொல்லைப்புறத்தை ஒட்டினாற்போல், குதிரைகள் தடை தாண்டி ஓடும் ஒரு பந்தய மைதானம். ஊர் அவ்வளவுதான். ஹோல்கர் மாளிகையைச் சேர்ந்த கேவண்டிஷ் குடும்பத்தின் நிலத்தில் மைதானம் இருக்கிறது.

ஆண்டு முழுவதும் இங்கே பந்தயம் கிடையாது. மே மாதக் கடைசி விடுமுறையில் தொடங்கி ஆகஸ்ட் விடுமுறையோடு முடிந்துவிடும். மொத்தமாகச் சில நாள்கள்தான். மற்ற மாதங்களில் அந்தப் புல்வெளியைப் பார்த்தால் இங்கே குதிரை ஓடும் என்றே தோன்றாது. பந்தய நாளில் ஊர்த் திருவிழாவின் கூட்டம் வந்துவிடும். மைதானத்தின் நடுவிலேயே ராட்டினங்கள், பஞ்சு மிட்டாய், துப்பாக்கிச் சுடும் கடைகள். வருபவர்களில் பெரும்பாலோருக்குக் குதிரை ஒரு சாக்கு. அதனால் பந்தயப் பணம் வாங்கும் புக்கிகளுக்கும் அது நல்ல நாள்.

தடை தாண்டும் பந்தயம் குளிர்கால விளையாட்டு ஆயிற்றே, கோடையில் எப்படி நடக்கிறது?

சரியான கேள்வி. செல்ட்டன்ஹாம் மார்ச்சில், கிராண்ட் நேஷனல் ஏப்ரலில். பெரிய பந்தயங்கள் எல்லாம் சேற்றிலும் குளிரிலும்தான். முன்பெல்லாம் ஜூன், ஜூலையில் தடை தாண்டும் குதிரைகளுக்கு முழு ஓய்வு. 1995-இல்தான் பிரிட்டனில் கோடையிலும் இந்தப் பந்தயங்களை நடத்தத் தொடங்கினார்கள். நியூட்டன் ஆபட், உஸ்டர், மார்க்கெட் ராசன், பெர்த் போன்ற மைதானங்கள் இதனால் பிழைத்தன. அயர்லாந்தில் கால்வே விழாவுக்கு இதைவிடப் பழைய வரலாறு உண்டு.

இதில் ஒரு சுவையான பொருத்தம். ஏ. பி. மெக்காய் முதன்முதலாகச் சாம்பியன் ஜாக்கி, அதாவது பருவத்தில் அதிக வெற்றி பெற்ற குதிரையோட்டி, ஆனது 1995-96-இல். அந்தப் பருவத்திலிருந்து தொடர்ந்து 20 ஆண்டுகள் அந்தப் பட்டத்தை அவர் விடவில்லை. 2001-02-இல் 289 வெற்றி. மற்றவர்கள் கடற்கரைக்குப் போயிருந்த மாதங்களில் சின்ன மைதானங்களை அலைந்து அலைந்து வெற்றி சேர்க்காமல் அந்த எண் வந்திருக்காது.

கோடையில் ஓடுபவை இரண்டாந்தரக் குதிரைகள்தானே?

பெரும்பாலும் ஆம். இதை ஒளிக்க வேண்டியதில்லை. குளிர்கால நட்சத்திரங்கள் இந்த மாதங்களில் புல் மேய்ந்துகொண்டிருக்கும். மைதானத்துக்கு வருபவை மூன்று வகை. சேறு பிடிக்காத, உலர்ந்த தரையில் மட்டும் உற்சாகம் காட்டும் குதிரைகள். வயது பத்தைத் தொட்டும் ஓடுவதை விடாத பழம்பெருச்சாளிகள். தடைகள் இல்லாத தட்டைப் பந்தயத்தில் சோபிக்காமல் தடை தாண்டப் பழகும் இளசுகள்.

தரம் குறைவு என்பதால் கணிக்க முடியாது என்று பொருளல்ல. குளிர்காலத்தில் ஒரு நல்ல குதிரை ஆண்டுக்கு நான்கு முறை ஓடினாலே அதிகம். இரண்டு ஓட்டத்துக்கு நடுவில் என்ன ஆயிற்று என்று பயிற்சியாளருக்குத்தான் தெரியும். கோடைக் குதிரை பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஓடும். அதன் உடல்நிலை, மனநிலை எல்லாம் அச்சிட்ட அட்டவணையில் கண்ணுக்கு நேரே இருக்கும்.

இந்தத் தடத்தில் அப்படி என்ன இருக்கிறது?

இதுதான் முக்கியமான கேள்வி. மற்ற மைதானங்களில் முதலில் குதிரையைப் பார்த்துவிட்டுப் பிறகு தடத்தைப் பார்க்கலாம். இங்கே தடத்தைப் படிக்காமல் குதிரையைப் பார்ப்பதில் பயனே இல்லை.

ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு மைல். இடப்பக்கம் திரும்பும் தடம். வளைவுகள் மிக இறுக்கமானவை. நிலம் மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கும். ஒரு பகுதியில் குதிரைகள் மரங்களுக்குப் பின்னால் மறைந்துவிடும். கூட்டம் அந்தச் சில வினாடிகள் ஒலிபெருக்கியை மட்டும் நம்பி நிற்கும். பெரிய காலடி எடுத்து வைத்து ஓடும் உயரமான குதிரை, நீண்ட நேர்ப்பாதையில் வேகம் பிடித்துப் பழகியது, இங்கே ஒவ்வொரு திருப்பத்திலும் தடுமாறும். சிறிய உடல், சட்டென்று திரும்பும் கால், தடையைத் தாண்டியவுடன் மீண்டும் வேகம் எடுக்கும் சுறுசுறுப்பு: இவைதான் தேவை.

அடுத்ததுதான் கார்ட்மெல்லின் தனிச்சிறப்பு. ஃபென்ஸ் எனப்படும் உயரமான தடைகளைத் தாண்டும் பந்தயத்தில், கடைசித் தடைக்கும் முடிவுக் கோட்டுக்கும் நடுவே ஏறக்குறைய நான்கு பர்லாங். நம் ஊர்ச் சாலையோரக் கற்களில் இருந்த அதே பர்லாங்தான். நான்கு சேர்ந்தால் அரை மைல், சுமார் 800 மீட்டர். பிரிட்டனில் வேறெந்தத் தடை தாண்டும் மைதானத்திலும் இவ்வளவு நீளம் இல்லை. கிராண்ட் நேஷனலின் கடைசி ஓட்டம் நெஞ்சைப் பிழியும் நீளம் என்பார்கள். அது 494 கெஜம். இங்கே 880.

முந்தைய சுற்றுகளில் வெளிவட்டத்திலேயே ஓடும் குதிரைகள், கடைசியில் மட்டும் மைதானத்தின் நடுவே வெட்டிச் செல்லும் பாதைக்குள் திரும்பி, கூட்டத்துக்கும் ராட்டினங்களுக்கும் இடையே ஓடி முடிக்கும். கடைசித் தடையில் நான்கு குதிரை நீளம் முன்னணியில் இருப்பது வேறு மைதானத்தில் ஏறக்குறைய வெற்றி. இங்கே அது ஒரு தகவல் மட்டுமே. முன்னால் போன குதிரை நடையாக நடந்து, பின்னால் கவனிப்பாரற்றுக் கிடந்தது பறந்து வந்து வென்றதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முன்னால் போன குதிரை மேல் பணம் கட்டிவிட்டு, கடைசித் தடையைத் தாண்டியதும் பக்கத்தில் நின்றவரைக் கட்டிப்பிடித்த நண்பர் ஒருவர் இன்றும் அதைப் பற்றிப் பேசினால் முகம் சிவக்கிறார்.

அப்படியானால் எந்த மாதிரிக் குதிரையைத் தேட வேண்டும்?

நான் முதலில் பார்ப்பது ஒன்றே ஒன்று: இதற்கு முன் கார்ட்மெல்லில் ஓடியிருக்கிறதா? பந்தய அட்டவணையில் குதிரையின் பெயருக்கு அருகே 'சி' என்ற எழுத்து இருந்தால் இதே மைதானத்தில் வென்றிருக்கிறது என்று பொருள். 'டி' இருந்தால் இதே தூரத்தில். 'சிடி' என்றால் இரண்டும். மற்ற மைதானங்களில் இந்த எழுத்துக்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. இங்கே கொடுக்கிறேன். ஆண்டுதோறும் கோடையில் வந்து, வேறெங்கும் காட்டாத ஓட்டத்தைக் காட்டிவிட்டுப் போகும் குதிரைகள் இந்த மைதானத்துக்கு எப்போதும் உண்டு.

இரண்டாவது, தாங்கும் திறன். குதிரை இதைவிடக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில் முன்பு சோர்வில்லாமல் முடித்திருந்தால் நல்லது. அதற்காகக் கடைசியில் தங்கியே வருகிற குதிரையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இறுக்கமான வளைவுகளில் பின்னாலிருந்து இடம் பிடிப்பது கடினம். முன்வரிசையில் மூன்றாவது, நான்காவதாக அமைதியாக உட்கார்ந்து வரக்கூடியதுதான் என் கணக்கில் சரியான குதிரை.

மூன்றாவது, ஆள். தடம் தெரிந்த ஜாக்கி எப்போது விசையைக் கூட்ட வேண்டும் என்று அறிந்திருப்பார். முதன்முதலில் இங்கே வரும் இளைஞர் கடைசித் தடையில் இருந்தே உதைக்கத் தொடங்கி, இரண்டு பர்லாங்கில் குதிரையைக் காலி செய்துவிடுவார். மூன்று முறை சாம்பியன் ஜாக்கியான பிரையன் ஹியூஸ் வடபகுதி மைதானங்களில் எப்படி அவசரப்படாமல் ஓட்டுகிறார் என்று கவனித்தால் பாடம் புரியும். பயிற்சியாளர்களில் ஜேம்ஸ் மஃபாட்டின் லாயம் கார்ட்மெல்லிலேயே இருக்கிறது. உள்ளூர்க்காரருக்குச் சொந்த ஊர்த் திருவிழாவில் வெல்லும் ஆசை இருக்காதா? ஆனால் அது எல்லோருக்கும் தெரிந்த செய்தி என்பதால் விலையிலும், அதாவது வென்றால் புக்கி தரும் விகிதத்திலும், அது ஏற்கெனவே சேர்ந்திருக்கும். கடல் தாண்டி அயர்லாந்திலிருந்து ஒரே ஒரு குதிரையை ஏற்றிக்கொண்டு வருபவரையும் கவனியுங்கள். கப்பல் கட்டணம் கொடுத்து யாரும் சும்மா வருவதில்லை.

தரையின் நிலை என்று அறிவிக்கிறார்களே, அது என்ன?

புல்தரையின் இறுக்கம். கடினம், நன்று, மென்மை, கனம் என்று படிப்படியாகச் சொல்வார்கள். 'நன்று முதல் கடினம் வரை' போன்ற இடைநிலைகளும் உண்டு. தடை தாண்டும் குதிரைகளின் கால்களுக்காக, கோடையில் தண்ணீர் பாய்ச்சி 'நன்று' என்ற நிலையில் வைக்க முயல்வார்கள். ஏரி மாவட்டத்து வானத்தை யாரும் கட்டுப்படுத்த முடியாது. தண்ணீர் பாய்ச்சிய மறுநாள் மழை கொட்டினால் கணக்கு தலைகீழ். சனிக்கிழமை நல்ல தரை என்று நினைத்துத் தேர்ந்தெடுத்த குதிரை திங்கட்கிழமை சேற்றில் ஓடும். ஆகவே காலையில் ஒரு முறை, முதல் பந்தயம் முடிந்ததும் ஒரு முறை அறிவிப்பைப் பாருங்கள்.

5/2, 11/8 என்று பலகையில் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது?

கீழே உள்ள எண்ணைக் கட்டினால் மேலே உள்ள எண் லாபம். 5/2 என்றால் 2 பவுண்டுக்கு 5 லாபம். கட்டிய 2 பவுண்டும் திரும்ப வரும். 11/8 என்றால் 8-க்கு 11. மேல் எண் சிறியதாகி 4/6 என்று இருந்தால், 6 கட்டி 4 சம்பாதிப்பது. அதை நான் தொடுவதில்லை.

இந்த எண்களுக்குள் புக்கியின் கூலி ஒளிந்திருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐந்து குதிரைகள் ஓடும் பந்தயத்தில் விலைகள் 6/4, 2/1, 4/1, 6/1, 8/1 என்று வைப்போம். இவற்றை வெற்றி வாய்ப்பு விழுக்காடாக மாற்றினால் 40, 33, 20, 14, 11. கூட்டினால் 118-க்கு மேல் வருகிறது. உண்மையான வாய்ப்புகளின் கூட்டுத்தொகை 100-ஐத் தாண்ட முடியாது. அந்த மிச்சம்தான் அவருடைய சாப்பாடு. விடுமுறைக் கூட்டத்தில் அந்த மிச்சம் கொஞ்சம் தடிப்பாகவே இருக்கும். அடுத்தடுத்த பலகைகளில் விலை மாறும்; நான்கு பலகை நடந்து பார்ப்பது சோம்பேறித்தனத்தைவிட மலிவு.

ஈச் வே என்பது என்ன?

ஒரே சீட்டில் இரண்டு பந்தயம். பாதிப் பணம் வெற்றிக்கு, பாதி இடத்துக்கு, அதாவது முதல் இரண்டு மூன்று குதிரைகளுக்குள் வருவதற்கு. '5 பவுண்டு ஈச் வே' என்றால் 10 பவுண்டு கொடுக்க வேண்டும்; முதன்முதலில் வருபவர்கள் இங்கேதான் விழிப்பார்கள்.

உதாரணம்: விலை 10/1, எட்டுக் குதிரைகள், மூன்று இடம், இடத்துக்கு விலையில் ஐந்தில் ஒரு பங்கு. குதிரை இரண்டாவதாக வந்தால் வெற்றிப் பகுதியின் 5 பவுண்டு போய்விடும். இடப்பகுதிக்கு 2/1 விலை. 10 லாபமும் கட்டிய 5-உம் சேர்த்து 15 கையில் வரும். ஆக நிகர லாபம் 5. வென்றிருந்தால் 55-உம் 15-உம் சேர்த்து 70.

வழக்கமான ஏற்பாட்டில் ஐந்து முதல் ஏழு குதிரை ஓடினால் இரண்டு இடம்தான். எட்டு ஓடினால் மூன்று. நான்கும் அதற்குக் குறைவும் என்றால் வெற்றி மட்டும். கார்ட்மெல்லில் எட்டுப் பேர் கொண்ட பந்தயங்கள் ஆபத்தானவை. எட்டு என்று நம்பிக் கட்டுவோம். பந்தயத்துக்கு அரை மணி நேரம் முன்பு ஒன்று விலகும். மூன்றாம் இடம் காற்றில் போகும். ஒருமுறை என் குதிரை மூன்றாவதாக வந்து நான் சீட்டை நீட்டினேன். புக்கி பேசவே இல்லை. பலகையில் குறுக்குக் கோடு போட்டிருந்த பெயரை விரலால் காட்டினார். தவறு முழுக்க என்னுடையது.

புக்கியிடம் கட்டுவதா, டோட்டிலா?

கிண்டி ரேஸ் பழகியவர்களுக்கு டோட் தெரியும்: எல்லோருடைய பணமும் ஒரே குளத்தில் சேரும், கழிவு போக மீதியை வென்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள், கடைசிவரை விலை உறுதியில்லை. புக்கியிடம் கட்டினால் அந்த நொடியில் பலகையில் இருந்த விலை உங்களுடையது. அது சீட்டில் அச்சாகியிருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். விலை கேட்காமல் கட்டினால் பந்தயம் தொடங்கும் நேரத்து விலை, அதாவது எஸ்.பி., கிடைக்கும்.

என் வழக்கம்: பிரபலமான குதிரை என்றால் புக்கி, யாரும் சீண்டாத குதிரை என்றால் டோட். நிறத்தையும் பெயரையும் பார்த்துக் கட்டும் விடுமுறைக் கூட்டத்தின் பணம் டோட்டில்தான் அதிகம் சேர்கிறது என்பது என் நெடுநாள் சந்தேகம்.

கட்டிய குதிரை ஓடவில்லை என்றால் பணம் திரும்ப வருமா?

மைதானத்தில் அன்றைய விலைக்குக் கட்டியிருந்தால் வரும். பல நாள் முன்பே கட்டும் பந்தயங்களில் வராது. வேறொருவர் கட்டிய குதிரை விலகினாலும் உங்களைப் பாதிக்கும்: அது வலுவான குதிரை என்றால் மீதிக் குதிரைகள் வெல்வது எளிதாகிவிடுகிறது அல்லவா? அதற்காக 'விதி 4' என்று ஒரு கழிவு வைத்திருக்கிறார்கள். 2/1 விலையில் இருந்த குதிரை விலகினால், உங்கள் லாபத்தில் பவுண்டுக்கு 30 பென்ஸ் பிடிப்பார்கள். 10/1-இல் இருந்தது விலகினால் 5 பென்ஸ். 14/1-க்கும் மேல் என்றால் ஒன்றும் இல்லை.

இரண்டு குதிரைகளை இணைத்துக் கட்டும் டபுளில் ஒன்று ஓடாவிட்டால், மற்றதன் மேல் தனிப் பந்தயமாக அது மாறிவிடும். பார்ப்பதற்கு அப்பாவியான விதி. இதை வைத்துத்தான் 1974-இல் இந்த மைதானத்தில் ஒரு கூட்டம் நாடகம் போட்டது.

அந்த 1974 கதையைச் சொல்லுங்களேன்?

ஆகஸ்ட் 26, வங்கி விடுமுறைத் திங்கட்கிழமை. நாடு முழுவதும் நிறைய மைதானங்களில் பந்தயம். புக்கிகளின் கவனம் சிதறிக் கிடந்த நாள். அயர்லாந்தின் கார்க் நகரைச் சேர்ந்த கட்டுமான முதலாளி டோனி மர்ஃபியும் அவருடைய நண்பர்களும் கே ஃபியூச்சர் என்ற குதிரையை வாங்கி, எட்வர்ட் ஓ'கிரேடியிடம் அயர்லாந்தில் ரகசியமாகப் பழக்கினார்கள். காகிதத்திலோ, ஸ்காட்லாந்தின் ட்ரூன் ஊரில் டோனி காலின்ஸ் என்ற அதிகம் அறியப்படாத பயிற்சியாளரின் லாயத்தில் அது இருந்தது. அங்கே அதே நிறத்தில் வேறொரு குதிரை அதன் பெயரில் வளர்ந்தது. நிஜக் குதிரை கடைசி நேரத்தில்தான் கடல் தாண்டி வந்தது.

அதே நாளில் காலின்ஸ் தன் வேறு இரண்டு குதிரைகளை, ஆங்கர்விக்கையும் ஓபரா குளோக்கையும், வேறு இரண்டு மைதானங்களில் பதிவு செய்திருந்தார். கூட்டத்தின் ஆட்கள் காலையில் லண்டன் பந்தயக் கடைகளில் ஏறி இறங்கி, கே ஃபியூச்சரை இந்த இரண்டில் ஒன்றோடு இணைத்துச் சின்னச் சின்னத் தொகைகளில் டபுள் கட்டினார்கள். மூன்றும் கவனிப்பாரற்ற குதிரைகள். டபுள் என்பது ஏமாளிகளின் பந்தயம். கடைக்காரர்கள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போட்டார்கள். அந்த இரண்டு குதிரைகளோ லாயத்தை விட்டு நகரவே இல்லை. அவை விலகியதும், அத்தனை பணமும் கே ஃபியூச்சரின் தலையில் தனிப் பந்தயமாக இறங்கியது.

இங்கேதான் கார்ட்மெல்லைத் தேர்ந்தெடுத்த மூளை தெரிகிறது. லண்டன் புக்கிகளுக்கு ஆபத்து புரிந்தால் என்ன செய்வார்கள்? மைதானத்துக்குத் தகவல் அனுப்பி, அங்கே தாங்களே கே ஃபியூச்சர் மேல் பணம் கட்டி விலையை நசுக்குவார்கள். கார்ட்மெல்லுக்கு அப்படித் தகவல் அனுப்பும் நேரடித் தொலைபேசி ஏற்பாடு அன்று இல்லை. மான்செஸ்டரிலிருந்து ஓர் ஆளை விரைந்து அனுப்பியதாகவும், விடுமுறை நெரிசலில் அவர் சிக்கிக்கொண்டதாகவும் கதை. இன்று அந்தச் சாலையில் கார் ஓட்டிப் பார்த்த எவரும் அதை நம்புவார்கள்.

மைதானத்தில் இருந்தவர்களை விரட்டவும் ஒரு வேலை செய்தார்கள். குதிரையின் கால்களில் சோப்புத் தூளைத் தேய்த்துவிட்டார்கள்; அளவுக்கு மீறி வியர்த்து நடுங்கும் குதிரை போல் தெரிந்தது. யாரும் கட்டவில்லை. கே ஃபியூச்சர் 15 குதிரை நீளத்தில் வென்றது. விலை 10/1.

யாரோ காலின்ஸின் லாயத்துக்குத் தொலைபேசியில் கேட்டபோது, மற்ற இரண்டும் வயலில் மேய்ந்துகொண்டிருப்பதாக உண்மை வெளிவந்துவிட்டது. பல புக்கிகள் பணம் கொடுக்க மறுத்தார்கள். 1976-இல் பிரெஸ்டன் நீதிமன்றம் மர்ஃபியையும் காலின்ஸையும் மோசடிச் சதிக்குக் குற்றவாளிகள் என்று தீர்த்து, ஆளுக்கு 1,000 பவுண்டு அபராதம் விதித்தது. அன்று பந்தயங்களைக் கட்டுப்படுத்திய ஜாக்கி கிளப் இருவரையும் பத்தாண்டு விலக்கியது. ஓடிய குதிரை சொந்தப் பெயரில்தான் ஓடியது, சொந்தக் காலில்தான் வென்றது. அதனால்தான் இந்தப் பக்கத்து மதுக்கடைகளில் இன்றும் அவர்களைக் குற்றவாளிகளாக யாரும் பேசுவதில்லை. எனக்கு அந்த அளவுக்குப் பரிவு இல்லை. அட்டவணையை நம்பி வேறு குதிரை மேல் கட்டிய சாதாரணர்கள் அன்று ஏமாந்ததும் உண்மைதானே.

கிண்டியில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்ததும் இதே 1974-இல்தான். அந்த வழக்கு நீண்டு, குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நீதிபதிகள் கார்ட்மெல்லின் கடைசி நான்கு பர்லாங்கைப் பார்த்திருந்தால் சற்று யோசித்திருப்பார்கள் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இன்றைக்கு அப்படிச் செய்ய முடியுமா?

முடியாது. குதிரையின் கழுத்தில் சில்லு இருக்கிறது, எல்லோர் கையிலும் தொலைபேசி இருக்கிறது, கடைகளின் கணினி விநோதமான டபுளைக் கண்டதும் கூவிவிடும்.

பந்தயம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டலாமாமே?

இணையப் பந்தயச் சந்தைகளில் கட்டலாம். கடைசித் தடையில் முன்னணியில் இருக்கும் குதிரையின் விலை அடிமாட்டுக்குச் சரிவதும், அரை மைல் கழித்து அது தோற்பதும் கார்ட்மெல்லில் சகஜம். அதை எதிர்பார்த்து லாபம் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் உங்கள் திரையில் தெரியும் படம் சில வினாடிகள் பழையது. உங்களுக்கு எதிரே கட்டுபவர் மைதானத்திலேயே நின்றுகொண்டிருக்கலாம்.

எந்தக் குதிரை வெல்லும் என்று டிப்ஸ் வாங்கலாமா?

இலவசமாகக் கிடைப்பதைப் படியுங்கள். காசு கொடுத்து வாங்காதீர்கள். தெரிந்தவர் விற்கமாட்டார்.

எவ்வளவு பணம் எடுத்துப் போக வேண்டும்?

ஒரு நல்ல சாப்பாட்டுக்கும் நாடகத்துக்கும் எவ்வளவு செலவழிப்பீர்களோ அவ்வளவு. அது திரும்பி வராது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு. ஆறேழு பந்தயங்கள் இருக்கும். நான் பணத்தை அத்தனை உறைகளில் பிரித்து வைப்பேன். நான்காவது பந்தயத்தில் கைவைக்கும்போது ஐந்தாவதன் உறை தட்டுப்பட்டால் கொஞ்சம் வெட்கம் வரும். அந்த வெட்கம் போதும். முந்தைய நட்டத்தைப் பிடிக்கக் கடைசிப் பந்தயத்தில் இரட்டிப்பாகக் கட்டுவதுதான் நாளைக் கெடுக்கும் வழி. ரொக்கமாகவே கொண்டு போங்கள்; கூட்ட நாளில் தொலைபேசிச் சமிக்ஞை ஆமையாகிவிடும். சூதாட்டத்துக்குக் கடன் அட்டை பயன்படுத்துவதை பிரிட்டன் 2020 ஏப்ரலிலேயே தடை செய்துவிட்டது. வென்ற பணத்துக்கு இங்கே கட்டுபவரிடம் வரி கிடையாது. 2001-இல் அதை நீக்கினார்கள்.

உறை ஏற்பாடெல்லாம் பலிக்காமல், அடுத்த நாள் காலையிலும் கை அரிக்கிறது என்றால் அது வேறு விஷயம். பிரிட்டனில் 0808 8020 133 என்ற இலவச எண்ணில் இரவும் பகலும் பேசலாம். கேம்ஸ்டாப் என்ற பதிவில் பெயரைச் சேர்த்தால் உரிமம் பெற்ற இணையத் தளங்கள் எல்லாம் உங்களுக்குக் கதவடைக்கும். என்னோடு ஒரு காலத்தில் வந்துகொண்டிருந்தவர் ஒருவர் அப்படிச் செய்தார். இப்போது ஆகஸ்ட் திங்கட்கிழமைகளில் அவர் மலையேறப் போகிறார்.

சென்னையில் உட்கார்ந்தபடி இணையம் வழியாகக் கட்டலாமா?

வேண்டாம். வெளிநாட்டுப் பந்தயத்துக்கு இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவது அந்நியச் செலாவணி விதிகளோடு மோதும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இணையத்தில் பணம் வைத்து ஆடுவதையே குறிவைத்தது. இலங்கையில் நிலை வேறு. அங்கே புக்கி கடைகளில் ஆங்கிலப் பந்தயங்களுக்குக் கட்டுவது நெடுங்காலப் பழக்கம். கார்ட்மெல் என்ற ஊரின் பெயரை எனக்கு முதன்முதலில் சொன்னதே கொழும்பில் வளர்ந்த ஒரு பெரியவர்தான். அவர் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை, ஆனால் அதன் நீண்ட முடிவுப் பாதையைப் பற்றிக் கதை கதையாகச் சொன்னார்.

குதிரைகளுக்கு ஆபத்து இல்லையா?

இருக்கிறது. பிரிட்டனின் தடை தாண்டும் பந்தயங்களில் ஆயிரம் ஓட்டத்துக்கு ஏறக்குறைய நான்கு குதிரைகள் உயிரிழக்கின்றன. சாட்டையைப் பயன்படுத்த வரம்பு உண்டு. தடை தாண்டும் பந்தயத்தில் ஏழு முறை. வெயில் நாளில் ஓட்டம் முடிந்ததும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கிறார்கள். ஆனால் விழுந்த குதிரையை மறைக்கப் பச்சைத் திரை எழும்பும் தருணம் ஒன்று உண்டு. அதைப் பார்த்தால் அந்த மாலை பணத்தைப் பற்றிப் பேச மனம் வராது. இது உங்களால் தாங்க முடியாது என்று தோன்றினால் வர வேண்டாம். அப்படிச் சொன்ன நண்பர்களை நான் வற்புறுத்தியதில்லை.

எப்படிப் போவது, என்ன சாப்பிடுவது?

ரயிலில் கார்க் அண்ட் கார்ட்மெல் நிலையம். அங்கிருந்து சுமார் இரண்டு மைல். மழைக்கோட்டும் வெயில் களிம்பும் இரண்டும் வேண்டும். ஊர்க் கடையில் விற்கும் பிசுபிசுப்பான டாஃபி புட்டிங் புகழ்பெற்றது. பேரீச்சம்பழம் போட்ட கேக், மேலே சூடான சர்க்கரைப் பாகு. நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். 2022-இல் மூன்று மிஷலான் நட்சத்திரம் பெற்ற லான்க்ளூம் உணவகமும் இதே கிராமத்தில்தான் இருக்கிறது. அங்கே சாப்பிட முதலில் 10/1-இல் ஒன்று வெல்ல வேண்டும்.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

தாராளமாக. 18 வயதுக்குக் கீழ் பணம் கட்ட முடியாது, அவ்வளவுதான். என் மகளுக்குக் குதிரைகளைவிட நடுவில் இருக்கும் ராட்டினம்தான் பிடிக்கும். பந்தயம் நடக்கும்போது அதன் உச்சியில் இருந்தால், கீழே நிற்கும் எங்களுக்குத் தெரியாத இடமும், மரங்களுக்குப் பின்னால் குதிரைகள் மறையும் அந்தப் பகுதியும், அவளுக்குத் தெரிகிறது. போன முறை இறங்கி வந்ததும் கேட்டாள்: "அப்பா, உன் குதிரை நீலச் சட்டையா? அது அங்கேயே நடந்துகொண்டிருந்ததே."